ஐந்து முழச் சதுரம்: வெண்கலப் பலிபீடத்தைச் செய்து படிப்பிக்கும் முறை

ஆசரிப்புக் கூடாரப் பாடம், அதாவது இஸ்ரவேலர் வனாந்தரத்தில் தூக்கிக்கொண்டு திரிந்த வழிபாட்டுக் கூடாரத்தின் பாடம், வந்தால் பல ஞாயிறு பாடசாலைகளில் நடப்பது ஒன்றே. வண்ணப்படம் ஒன்றைச் சுவரில் ஒட்டுவார்கள். "மரம் என்றால் மனுஷீகம், வெண்கலம் என்றால் நியாயத்தீர்ப்பு, ஐந்து என்றால் கிருபை" என்று ஒப்புவிப்பார்கள். பிள்ளைகள் கொப்பியில் எழுதிக்கொள்வார்கள், அடுத்த வாரம் மறந்துவிடுவார்கள். அது பிள்ளைகளின் குற்றமல்ல. அப்படியொரு அகராதி யாத்திராகமத்திலும் இல்லை, லேவியராகமத்திலும் இல்லை. பலிபீடத்தின் ஒரு பாகத்துக்கு என்ன பொருள் என்று அறிய, அந்தப் பாகத்தில் என்ன வேலை நடந்தது என்று பார்க்கவேண்டும். கொம்பில் இரத்தம் பூசினார்கள், அடியில் இரத்தத்தை ஊற்றினார்கள், மேலே எரித்தார்கள், சாம்பலை அள்ளினார்கள், சில பலிகளின் இறைச்சியை உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அந்த வேலைகளைக் கையால் செய்து பார்க்கக்கூடிய ஒரு மாதிரியைச் செய்து, அதை வைத்துப் படிப்பிக்கும் வழி இங்கே தரப்படுகிறது. செய்வதற்கு இரண்டு மாலைநேரங்கள் போதும். படிப்பிக்க ஒருமணி நேர வகுப்பாக நான்கு வாரம் வேண்டும்.

வெட்டத் தொடங்குமுன் ஒரு சொல் விஷயம். கொழும்பில் ஒரே வகுப்பில் கத்தோலிக்கப் பிள்ளையும் மெதடிஸ்த பிள்ளையும் இருக்கலாம். ஒருவர் கையில் "யாத்திராகமம்", மற்றவர் கையில் "விடுதலைப் பயணம்". இரண்டும் ஒரே புத்தகம். முதல் நாளே பலகையில் இரண்டு பெயர்களையும் எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் முதல் பத்து நிமிடம் பக்கம் தேடுவதிலேயே போய்விடும். "சர்வாங்க தகனபலி" என்ற சொல்லும் ஆங்கில மொழிமூலத்தில் படிக்கும் பிள்ளைகளுக்குப் பிடிபடாது. "முழுதும் எரிக்கிற பலி" என்று சொல்லுங்கள். எபிரேயத்தில் அதற்கு "ஓலா", மேலே ஏறுவது என்று பொருள், புகையாக ஏறுவது.

"பலிபீடம்" என்ற சொல்லிலும் ஒரு சிக்கல் உண்டு. சிவன் கோயிலில் கொடிமரத்தருகே நிற்கும் கல் பீடத்துக்கும் நம் ஊரில் அதே பெயர்தான். கொட்டாஞ்சேனைப் பிள்ளை அதைப் பார்த்தே வளர்ந்திருக்கும். அங்கே மிருகம் வெட்டப்படுவதில்லை, இரத்தம் இல்லை. எபிரேயச் சொல்லான "மிஸ்பேயா" வெட்டுவது, பலியிடுவது என்ற வினையிலிருந்தே பிறந்தது. இதைச் சொல்லாமல் விட்டால் பிள்ளை மனதில் இரண்டும் கலந்து நிற்கும். மறுபக்கம், ஹஜ்ஜுப் பெருநாளில் பக்கத்து வீட்டு முஸ்லிம்கள் கொடுக்கும் குர்பான் நல்ல உதவி. அந்தச் சொல்லும் மாற்கு 7ஆம் அதிகாரத்தில் வரும் "கொர்பான்" என்ற சொல்லும் ஒரே வேரிலிருந்து வந்தவை. கிட்டச் சேர்வது என்பது அந்த வேரின் பொருள். காணிக்கை என்பது கடவுளுக்குக் கிட்டப் போவதற்கான வழி என்பதைப் புரியவைக்க இதைவிடக் கைக்கெட்டிய உதாரணம் கொழும்பில் கிடைக்காது.

முழமும் அளவும்

யாத்திராகமம் 27இன்படி பலிபீடம் ஐந்து முழ நீளம், ஐந்து முழ அகலம், மூன்று முழ உயரம். முழம் என்பது முழங்கையிலிருந்து நடுவிரல் நுனிவரை. கோயில் வாசலில் பூச்சரம் அளக்கிற அதே முழம்தான். பூக்காரரின் கை நீளத்தைப் பொறுத்து அது கூடும் குறையும். இஸ்ரவேலின் முழத்துக்கு ஒரு நல்ல சாட்சி எருசலேமின் சீலோவாம் சுரங்கம். அதன் கல்வெட்டு நீளத்தை 1200 முழம் என்கிறது. சுரங்கம் ஏறத்தாழ 533 மீற்றர். வகுத்துப் பார்த்தால் முழம் 44 சென்ரிமீற்றருக்குச் சற்றுக் கூட. 45 என்று வைத்துக்கொண்டால் பலிபீடம் 2.25 மீற்றர் சதுரம், 1.35 மீற்றர் உயரம். முதல் வகுப்பிலேயே அந்தச் சதுரத்தை வெண்கட்டியால் மண்டபத் தரையில் வரையுங்கள். எட்டுப் பத்துப் பிள்ளைகள் அதற்குள் நிற்கலாம். படத்தில் சிறு பெட்டியாகப் பார்த்தது உண்மையில் ஒரு சிறிய அறையளவு என்பது அப்போதுதான் உறைக்கும்.

மாதிரிக்கு ஒரு முழத்துக்கு 6 சென்ரிமீற்றர் என்று வையுங்கள். அப்போது பலிபீடம் 30க்கு 30, உயரம் 18. பக்கம் ஒன்றுக்கு ஒரு அடிமட்டம் சரியாக வரும். இந்த அளவை நாங்கள் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு: கூடாரத்தைச் சுற்றிய முற்றமான பிராகாரம் நூறு முழத்துக்கு ஐம்பது முழம், அதாவது இதே அளவில் 6 மீற்றருக்கு 3 மீற்றர். சாதாரண ஆலய மண்டபத்தில் வாங்குகளை ஒதுக்கினால் அது அடங்கும். மனிதர் 22 சென்ரிமீற்றர். அந்த உயரத்தில் மட்டையில் ஒரு ஆளை வெட்டிப் பலிபீடத்தருகே நிறுத்துங்கள். பீடம் அவருடைய மார்புக்கும் மேலே வரும். "இவர் எப்படி மேலே விறகு அடுக்குவார்?" என்று யாராவது கேட்பார்கள். கேட்கும்வரை பொறுங்கள், பதில் பின்னால் வரும்.

வெட்டுவதும் ஒட்டுவதும்

ஏறக்குறைய 5 மில்லிமீற்றர் தடிப்புள்ள பெட்டி மட்டை போதும். குளிர்சாதனப் பெட்டி, தொலைக்காட்சி வந்த பெட்டிகள் நல்லவை. புதிதாக வாங்குவதென்றால் காகிதாதிகளுக்கு மலிபன் வீதி, கம்பி, வளையம், வலைக்குப் பழைய சோனகத் தெரு. ரெஜிபோம் வேண்டாம். இலேசாக இருக்கிறது என்று பலர் அதை எடுத்து, நிறம் அடிக்க ஸ்பிரேயை எடுத்தவுடன் விளிம்புகள் உருகிப் போவதைப் பார்த்துத் திகைப்பார்கள். ஸ்பிரேயிலுள்ள கரைப்பான் ரெஜிபோமைத் தின்றுவிடும்.

நான்கு சுவர்களில் இரண்டை 30 சென்ரிமீற்றர் அகலமாகவும், மற்ற இரண்டை 29 ஆகவும் வெட்டுங்கள். மட்டையின் தடிப்பை இருபக்கமும் கழிக்காவிட்டால் பீடம் சதுரமாக வராது. "அது சதுரமாய் இருப்பதாக" என்பது வசனத்திலேயே உள்ள நிபந்தனை. மட்டைக்குள் ஓடும் வரிகள் மேலிருந்து கீழாக நிற்கும்படி வெட்டவேண்டும், குறுக்காக வந்தால் சுவர் மடியும்.

எல்லாச் சுவர்களையும் 18 அல்ல, 21 சென்ரிமீற்றர் உயரத்துக்கு வெட்டுங்கள். மேலே மிஞ்சும் 3 சென்ரிமீற்றர் கொம்புகளுக்கு. 18இல் ஒரு கோடு போட்டு, அகலச் சுவரின் இரு முனைகளிலும் 3 சென்ரிமீற்றர் அடியுள்ள முக்கோணத்தை விட்டுவிட்டு நடுப்பகுதியை வெட்டி எடுங்கள். ஒடுக்கமான சுவரில் முக்கோணத்தின் அடி 2.5. சுவர்கள் சேரும்போது ஒவ்வொரு மூலையிலும் இரண்டு முக்கோணங்கள் முதுகோடு முதுகு சேர்ந்து ஒரு கொம்பாகும். கொம்பின் அளவை யாத்திராகமம் சொல்லவில்லை. அரை முழம் என்பது நம் தெரிவு, அதைப் பிள்ளைகளிடமும் சொல்லிவிடுங்கள். கொம்பைத் தனியாகச் செய்து ஒட்டக் கூடாது. அதுதான் எல்லோரும் செய்கிற பிழை. கொம்புகள் பீடத்தோடு "ஏகமாய்" இருக்கவேண்டும் என்று வசனம் வற்புறுத்துகிறது. நடைமுறையிலும், ஒட்டிய கொம்பு முதல் வகுப்பிலேயே ஒரு பிள்ளையின் கையோடு வந்துவிடும். சாலொமோனுக்குப் பயந்து கொம்பைப் பிடித்துக்கொண்ட அதோனியாவின் கதையைச் சொல்லும்போது அது நடந்தால் வகுப்பு முழுக்கச் சிரிப்புத்தான்.

அடிப்பலகை வேண்டாம். மேல்மூடியும் வேண்டாம். பீடம் உள்ளே வெறுமையான பலகைக் கூடு என்பது 27:8. மேலே மூடி போட்டு மேசைபோல ஆக்கிய மாதிரிகள் நிறைய உண்டு; அவற்றில் சாம்பல் எங்கே விழும் என்று கேட்டால் பதில் இல்லை.

பீடத்துக்குரிய வெண்கல வலையைத்தான் வசனம் சல்லடை என்கிறது. அதற்கு அலுமினிய நுளம்பு வலை எடுங்கள். 28.5 சென்ரிமீற்றர் சதுரமாக வெட்டி, ஓரத்தைச் சுற்றிக் கட்டுக்கம்பி கோர்த்து விறைப்பாக்குங்கள். உள்சுவரில், தரையிலிருந்து 9 சென்ரிமீற்றர் உயரத்தில், ஒரு சென்ரிமீற்றர் அகல மட்டைத் துண்டுகளை ஒட்டி அதன்மேல் வலையை அமர்த்துங்கள். 9 என்பது பாதி உயரம், வசனம் சொல்வது அதைத்தான். இறைச்சி சுடும் அடுப்புபோல வலையை உச்சியில் விரிப்பது பிழை. இங்கே ஒரு நேர்மை வேண்டும்: அந்த வலை உள்ளே நெருப்பைத் தாங்கியதா, அல்லது வெளியே சுற்றடைப்புக்கு, அதாவது பீடத்தைச் சுற்றிய விளிம்புக்குக் கீழே, கீழ்ப்பாதியைச் சுற்றி நின்றதா என்பதில் உரையாசிரியர்கள் இரண்டாகப் பிரிகிறார்கள். நாங்கள் உள்ளே வைப்பதற்குக் காரணம் செய்வதற்கு எளிது என்பதுதான்.

வளையங்கள் சுவரில் அல்ல, சல்லடையின் நான்கு மூலைகளில். இதைப் பெரும்பாலான படங்கள் கவனிப்பதில்லை. இரண்டு எதிர்ச் சுவர்களில், மூலைகளிலிருந்து 2 சென்ரிமீற்றர் உள்ளே, 9 சென்ரிமீற்றர் உயரத்தில் துளையிட்டு, திரைச்சீலை வளையங்களை வெளியே வைத்து, கட்டுக்கம்பியால் துளைவழியே சல்லடையின் ஓரக்கம்பியோடு முறுக்கிக் கட்டுங்கள். உட்துளை 2 சென்ரிமீற்றர் உள்ள வளையத்துக்கு ஒன்றரைச் சென்ரிமீற்றர் தடி சரி, நீளம் 50. வெறும் பசையால் சுவரில் ஒட்டிய வளையம் தூக்கியவுடன் பிய்ந்துவிடும், ஏனென்றால் முழுப்பாரமும் கடதாசியின் மேல்தோலில் தொங்கும். சல்லடையோடு கட்டினால் பாரம் கம்பியில் போகும்.

நிறம் அடிக்கும்போது உள்ளேயும் வெளியேயும் அடியுங்கள். ஒருபக்கம் மட்டும் அடித்தால் காயும்போது மட்டை வளையும். தென்மேற்குப் பருவ மாதங்களில் கொழும்பின் ஈரத்தில் வெள்ளைப்பசை இலகுவில் இறுகாது. ஒட்டிய மூலைகளை டேப்பால் இழுத்துக் கட்டி ஓர் இரவு விட்டுவிடுங்கள். பொன் நிறம் அடிக்கவே கூடாது. பொன் கூடாரத்துக்குள் இருந்த தூபபீடத்துக்கு, வாசனைப் புகை இடும் சிறிய பீடத்துக்கு. வெளிப் பீடம் வெண்கலம். எபிரேயத்தில் செம்புக்கும் வெண்கலத்துக்கும் ஒரே சொல். பழைய, விளக்காத குத்துவிளக்கு ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மண்ணிறத்தில் கொஞ்சம் பொன்னிறம் கலந்தால் அந்த மங்கல் வரும்.

தூபபீடத்தையும் செய்துவிடுங்கள், அது அரை மணிநேர வேலை. ஒரு முழச் சதுரம், இரண்டு முழ உயரம்: 6க்கு 6, உயரம் 12. அதற்கும் நான்கு கொம்புகள், அதுவும் ஏகமாய். இது பொன் நிறம். யாத்திராகமம் 30இல் சொன்ன வாசனைக் கலவையைச் செய்துபார்க்கும் ஆசை வரும். அதே அதிகாரம் அதை நமக்கென்று செய்வதைத் தடுக்கிறது. மேலே ஒரு துண்டுச் சாம்பிராணியை எரிக்காமல் வைத்தால் போதும். மூடிய அறையில் இழுப்பு உள்ள பிள்ளைகள் இருப்பார்கள்.

மரப்பீடம் எரிந்துவிடாதா?

இந்தக் கேள்வி நிச்சயம் வரும். மெல்லிய வெண்கலத் தகடு மூடிய மரக்கூட்டுக்குள் நாள்முழுக்க நெருப்பு எரிந்தால் மரம் கரியாகும். பழைய காலத்திலிருந்தே சொல்லப்படும் ஒரு விளக்கம்: இஸ்ரவேலர் பாளயம், அதாவது கூடார முகாம், இறங்கிய இடத்தில் கூட்டுக்குள் மண்ணும் கல்லும் நிரப்பினார்கள், புறப்படும்போது கொட்டிவிட்டு வெறுங்கூட்டைத் தூக்கினார்கள். யாத்திராகமம் 20:24 "மண்ணினாலே பலிபீடத்தை" என்று சொல்வதோடு அது பொருந்தும். மாதிரியில் இதைக் காட்ட ஆசைப்பட்டு 9 சென்ரிமீற்றருக்கும் மணல் நிரப்பாதீர்கள். கிட்டத்தட்ட ஏழரை லீற்றர் மணல், 12 கிலோவுக்கு வரும், சுவர் பிதுங்கும். கசக்கிய செய்தித்தாளை நிரப்பி மேலே ஒரு சென்ரிமீற்றர் மண் தூவுங்கள். பொன்னும் வெண்கலமும் பற்றிப் பேசும் நேரத்தில் பிள்ளை உள்ளே எட்டிப் பார்த்து "வெறும் மண்தானே" என்று சொன்னால், அது அந்த வகுப்பின் நல்ல நிமிடம்.

20ஆம் அதிகாரத்தின் மற்ற இரண்டு விதிகளையும் இங்கேயே எடுங்கள். கல்லால் கட்டினால் உளி படாத கல். படிக்கட்டு கூடாது. படி கூடாததற்குக் காரணம் வசனத்திலேயே உண்டு: ஏறுபவரின் நிர்வாணம் தெரியக்கூடாது. ஆகவே மாதிரிக்குப் படி செய்யாதீர்கள், மண் சரிவு ஒன்று போதும். லேவியராகமம் 9:22இல் ஆரோன் பலியிட்டு "இறங்கினான்" என்று வருகிறது. இரண்டாம் ஆலயத்தின் பீடத்துக்கும் தெற்கே சரிவுப் பாதையே இருந்தது என்று யூதரின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா சொல்கிறது. உயரம் பற்றிக் கேட்ட பிள்ளைக்கு இதுதான் பதில். எசேக்கியேல் 43இல் படிகள் வருகின்றன, கிழக்கு நோக்கி. அதை மறைக்கவேண்டியதில்லை.

உளி படாத கல் என்பதன் பொருளும் வேலையிலேயே இருக்கிறது. மனிதக் கைவேலை கடவுளுக்கும் தனக்கும் நடுவே ஒரு பெருமையாக நிற்கக்கூடாது. இஸ்ரவேலின் தெற்கே பெயெர்செபாவில் 1973இல் தொல்லியலாளர் அகரோனியின் குழு கண்டெடுத்த கொம்புள்ள பலிபீடம் இதற்கு நல்ல துணைப்பாடம். அதன் கற்கள் ஒரு களஞ்சியச் சுவருக்குள் சாதாரணக் கட்டடக் கற்களாக மீண்டும் பயன்பட்டிருந்தன. சேர்த்து நிறுத்தியபோது உயரம் ஏறக்குறைய 1.6 மீற்றர். கற்களோ அழகாகச் செதுக்கியவை, ஒன்றில் பாம்பு உருவமும் உண்டு. விதி ஒன்று, நடந்தது வேறொன்று. அதே தெற்கில் ஆராத் என்ற இடத்தில் கண்ட பீடம் செதுக்காத கற்களாலும் மண்ணாலும் கட்டியது, விதிக்குக் கிட்ட நிற்கிறது. தோண்டி எடுத்த எல்லாவற்றையும் "வேதம் நிரூபிக்கப்பட்டது" என்று சொல்லி ஒரே கூடையில் போடாமல், இந்த வித்தியாசத்தைப் பெரிய பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

ஆட்டோடு நடப்பது

இரண்டாம், மூன்றாம் வகுப்புகள் இதற்கு. தரையில் 6க்கு 3 மீற்றர் பிராகாரத்தை வரையுங்கள். வாசல் கிழக்குச் சுருக்கப் பக்கத்தின் நடுவில், 1.2 மீற்றர் அகலம். மேற்குப் பாதியில் கூடாரம், 1.8 மீற்றருக்கு 60 சென்ரிமீற்றர். வாசலுக்கு நேரே பலிபீடம், அதற்கும் கூடாரத்துக்கும் நடுவே தண்ணீர்த் தொட்டி. கொழும்பில் திசை பார்ப்பதில் சிரமம் இல்லை, கடல் எங்கே என்று கேளுங்கள். உள்ளே வருபவர் கடலை நோக்கி நடக்கிறார். எபிரேயரும் மேற்குக்குக் "கடல்" என்ற சொல்லையே வைத்திருந்தார்கள். சிலர் இந்தப் பொருட்களை வரிசைப்படுத்திச் சிலுவை வடிவம் காட்டுவார்கள். பொருட்களுக்கு இடையிலான தூரத்தை வேதம் தரவில்லை, ஆகவே அந்தச் சிலுவை வரைபவரின் கையில்தான் இருக்கிறது.

நத்தார் குடிலிலிருந்து ஓர் ஆட்டை எடுத்து ஒரு பிள்ளையிடம் கொடுங்கள். அவர் வாசலால் வருகிறார். ஆட்டின் தலையில் கை வைக்கிறார். பிறகு பீடத்தின் வட பக்கத்தில், அதாவது கடலைப் பார்த்து நிற்பவரின் வலப்பக்கத்தில், ஆட்டைச் சாய்த்துக் கிடத்துகிறார். வெட்டுவதை நடிக்கவேண்டாம். ஆனால் ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும்: லேவியராகமம் 1ஆம் அதிகாரத்தில் வெட்டுகிறவர் ஆசாரியர் அல்ல, கொண்டுவந்தவரே. ஆசாரியரின் வேலை இரத்தத்தோடு தொடங்குகிறது. "பாவத்தை யாரோ பார்த்துக்கொள்வார்கள்" என்ற நினைப்பு அங்கேயே நின்றுவிடும்.

இரத்தம் எங்கே போகிறது என்பதுதான் பாடத்தின் நடு. சிவப்புக் கம்பளி நூல், சிவப்புப் பொட்டுகள், சிவப்புத் துணி என மூன்றும் தயாராக இருக்கட்டும். தகனபலியிலும் சமாதானபலியிலும் இரத்தம் பீடத்தின் பக்கங்களைச் சுற்றித் தெளிக்கப்படும், அதற்கு நூலைச் சுற்றுங்கள். சாதாரண ஆளோ தலைவரோ செய்த பாவத்துக்கான பலியில் வெண்கலப் பீடத்தின் கொம்புகளில் பூசப்படும், மிச்சம் அடியில் ஊற்றப்படும். நான்கு கொம்புகளில் பொட்டும் அடியில் துணியும். ஆசாரியரோ முழுச் சபையோ பாவம் செய்தால் இரத்தம் உள்ளே போகிறது, தூபபீடத்தின் கொம்புகளுக்கு. மிச்சம் மறுபடி வெளிப்பீடத்தின் அடிக்கு. பிள்ளைகள் கையால் பொட்டை ஒட்டும்போது தாங்களாகவே கண்டுபிடிப்பார்கள்: பொறுப்பு கூடக்கூட அழுக்கு உள்ளே தூரமாகப் போகிறது. ஜெபம் ஏறுகிற இடத்தையே அது தொடுகிறது. கொம்பு வல்லமையின் அடையாளம் என்று மட்டும் சொல்லி விட்டுவிடுகிற பாடங்கள் இதைத் தவறவிடுகின்றன.

அடுத்து இறைச்சி. தகனபலி முழுதும் எரியும். சமாதானபலியில் கொழுப்பு பீடத்துக்கு, மார்பும் வலது தொடையும் ஆசாரியருக்கு, மிச்சம் கொண்டுவந்தவர் வீட்டாரோடு சாப்பிடுவதற்கு. சாதாரண பாவநிவாரண பலியை ஆசாரியர் சாப்பிடுவார். ஆனால் இரத்தம் உள்ளே கொண்டுபோகப்பட்ட பலியை யாரும் சாப்பிடக்கூடாது. உடலைப் பாளயத்துக்குப் புறம்பே எரிக்கவேண்டும். பிள்ளையிடம் ஆட்டைக் கொடுத்து, வெண்கட்டிக் கோட்டைத் தாண்டி, மண்டப வாசலுக்கு வெளியே கொண்டுபோய் வைக்கச் சொல்லுங்கள்.

இப்போது எபிரெயர் 13:10 முதல் 12 வரை வாசியுங்கள். "நமக்கு ஒரு பலிபீடமுண்டு" என்ற வரி அதுவரை வெறும் வரி. யாரும் சாப்பிடக்கூடாத பலி, புறம்பே போன பலி, நகர வாசலுக்குப் புறம்பே பாடுபட்ட இயேசு என்று மூன்றும் வாசலுக்கு வெளியே கிடக்கும் அந்த ஆட்டில் சேரும். ஆசாரியருக்கே உரிமை இல்லாததை நாம் சாப்பிடுகிறோம் என்பது அந்த நிருபத்தின் வாதம். சாப்பிடுவது எப்படி என்பதில் சபைகள் பிரியும். கத்தோலிக்கர் அதை நற்கருணையோடு சேர்த்து வாசிப்பார்கள், சீர்திருத்த மரபினர் சிலுவையையும் விசுவாசத்தையும் சொல்வார்கள். கலப்பு வகுப்பில் இரண்டையும் ஒரே குரலில் சொல்லிவிட்டு நகருங்கள்.

ஆலயத்தில் இருப்பது பீடமா மேசையா என்ற சச்சரவும் இங்கே எழும். கொச்சிக்கடை அந்தோனியார் திருத்தலத்தில் வளர்ந்த பிள்ளை "பீடம்" என்கும், 1757 முதல் வழிபாடு நடக்கும் வுல்பெண்டால் ஒல்லாந்த ஆலயத்தின் மரபில் வந்தது "மேசை" என்கும். மல்கியா 1:7ஐத் திறவுங்கள். எருசலேமின் பலிபீடத்தையே தீர்க்கதரிசி "கர்த்தருடைய பந்தி" என்கிறார். சமாதானபலியின் சாப்பாட்டைச் செய்து பார்த்த வகுப்புக்கு இது வியப்பாக இருக்காது.

நெருப்பும் சாம்பலும்

நான்காம் வகுப்புக்கு இது போதும். உண்மை நெருப்பு வேண்டாம், பற்றரி மெழுகுதிரியும் செம்மஞ்சள் மெல்லிய கடதாசியும் போதும். லேவியராகமம் 9:24இல் முதல் நெருப்பு கர்த்தரின் சமுகத்திலிருந்து வருகிறது. 6ஆம் அதிகாரத்திலோ ஆசாரியர் காலைதோறும் விறகு வைக்கவேண்டும், அவியவிடக் கூடாது. கொடுத்தது அவர், காப்பது இவர்கள். 10ஆம் அதிகாரத்தில் ஆரோனின் மக்கள் நாதாபும் அபியூவும் அந்நிய நெருப்போடு போனது வருகிறது. ரோமர் 12:1ஐ இங்கே சேர்க்கலாம், ஆனால் "ஜீவபலி" என்பதை உணர்ச்சிவசப்பட்ட ஒரு மாலை ஆராதனையாகச் சுருக்காதீர்கள். காலைதோறும் விறகு என்பது அலுப்பான வேலை.

சாம்பலை எடுக்கும் வேலையை யாரும் படிப்பிப்பதில்லை. ஆசாரியர் சணல்நூல் உடை உடுத்திச் சாம்பலை எடுத்துப் பீடத்தருகே வைத்து, உடை மாற்றி, பாளயத்துக்குப் புறம்பே சுத்தமான இடத்துக்குக் கொண்டுபோகவேண்டும். குப்பையைக் கொட்ட உடை மாற்றுவார்களா? அது குப்பை அல்ல. பலி ஏற்றுக்கொள்ளப்பட்டு முடிந்ததற்கு மிஞ்சியிருக்கும் ஒரே அத்தாட்சி அது. எபிரெயர் 10இல் தினமும் நின்று பணிசெய்யும் ஆசாரியருக்கும் ஒரே பலியைச் செலுத்தி உட்கார்ந்தவருக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு சாம்பல் சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு வாசிக்கலாம். கூடாரத்துப் பொருட்களின் பட்டியலில் ஆசாரியருக்கு நாற்காலி கிடையாது.

நேரம் மிஞ்சினால் 2 இராஜாக்கள் 16. ஆகாஸ் ராஜா தமஸ்குவில் ஒரு பீடத்தைப் பார்த்து, அதன் மாதிரியை ஆசாரியனாகிய உரியாவுக்கு அனுப்பி, அதைப்போலவே கட்டுவித்து, பழைய வெண்கலப் பீடத்தை வட பக்கத்துக்கு ஒதுக்கினான். மோசேக்குச் சொன்னதோ, மலையில் காண்பிக்கப்பட்டபடி செய் என்று. பெரிய வகுப்புப் பிள்ளைகள் இன்றைய ஆலய மேடை அலங்காரங்கள்வரை இழுத்துக்கொண்டு போவார்கள், விடுங்கள்.

பாடம் முடிந்ததும் மாதிரியை எண்ணாகமம் 4:13, 14 சொல்கிற முறையிலேயே கட்டிவைக்கலாம். சாம்பலும் மண்ணும் முழுதும் வெளியே. மேலே ஊதாத் துணி. துணியின்மேல் சட்டி, கரண்டி, இறைச்சி எடுக்கும் முள்துறடுகள். அதற்குமேல் தோல்மூடி, நமக்கு ஒரு பழைய மழைச்சட்டைத் துண்டு போதும், கொழும்பு ஈரத்துக்கு அதுதான் நல்லது. கடைசியில் தடிகள் வளையங்களுக்குள். தூபபீடத்துக்கு நீலத் துணி. அலுமாரியின் அடித்தட்டில் வைக்காதீர்கள், மட்டையில் கறையான் ஏறும். தூக்கிக்கொண்டு போவது இரண்டு பிள்ளைகளாக இருக்கட்டும், முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர், பீடத்தில் கை படாமல்.